எதிரணியும் எதிரியும்

உதைபந்தாட்டத்துக்கு இரு அணிகள் வேண்டும். ஓர் அணி மட்டும் மைதானத்தில் இறங்கினால் அங்கே பயிற்சி நடைபெறலாம், ஆட்டம் நடைபெறாது. எளிமையான இவ்வுண்மையிலிருந்து ஒரு தார்மீகப் பிரச்சினை பிறக்கின்றது. எவனின்றி நாம் ஆடவே இயலாதோ, அவனை நாம் வெறுப்பது எங்ஙனம் நியாயமாகும்?

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரை எடுத்துக்கொள்வோம். 1889இல் தோன்றிய மோகன் பகான் கழகம், 1911இல் கிழக்கு யோர்க்ஷயர் படையணியை 2–1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய அவ்வீரர்களின் வெற்றி, அடிமைப்பட்ட மக்களின் தன்மான எழுச்சியாகக் கொண்டாடப்பட்டது. 1920இல் ஈஸ்ற் பெங்கால் கழகம் உதயமாயிற்று. 1947இன் பிரிவினை வங்காளத்தை இரு கூறாக்கியபோது, வீடும் நிலமும் இழந்து வந்த அகதி மக்கள் அக்கழகத்தைத் தமதாக வரித்துக்கொண்டனர். ஈஸ்ற் பெங்கால் வென்றால் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று, போட்டி அடுப்பங்கரை வரை சென்றது.

இதனை வெறும் பந்து மயக்கமென ஒதுக்கிவிடும் அறிவாளிகளோடு நாம் உடன்படவில்லை. சொந்த மண்ணைப் பறிகொடுத்தவனுக்கு, ஒரு மாலைப்பொழுதேனும் தலைநிமிர்ந்து நிற்க ஒரு கொடி கிடைத்தது. அதை ஏளனஞ் செய்ய நமக்கு உரிமையில்லை.

ஆனால், பற்று எவ்விடத்திற் பகையாகின்றது? 1980 ஆகஸ்ட் 16ஆந் திகதி, ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இவ்விரு கழகங்களும் மோதின. வீரரிடையே மூண்ட பூசல் இரசிகரிடையே பரவியது. கைகலப்பிலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர். அம்மரணங்களால் எக்கழகத்தின் ஆட்டம் உயர்ந்தது? இழந்த எந்த நிலம் மீண்டது? பிரிவினைக் கோட்டைக் கீறியவர்கள் அந்த மைதானத்தில் இருக்கவில்லை. துயரத்தின் காரணத்தை எட்டமுடியாத கோபம், கைக்கெட்டிய அயலவன்மீது பாய்கின்றது. இதுவே பகையின் இயல்பு. இதனால் இலாபமடைவோர் வேறெங்கோ இருக்கின்றனர்.

“பகை இருந்தாலன்றோ வீரர் முழுமூச்சுடன் ஆடுவர்?” எனச் சிலர் வினவலாம். வரலாறு வேறு விடை தருகின்றது. 1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் இந்தியா தென் கொரியாவை 2–1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அணித்தலைவர் மோகன் பகானின் சுனி கோஸ்வாமி. அவரோடு தோள்கொடுத்து ஆடியவர் ஈஸ்ற் பெங்காலின் துளசிதாஸ் பலராம். அவ்வணியின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ், தமது வாழ்நாளில் இவ்விரு கழகங்களுக்காகவும் ஆடியவர். கழகப் போட்டி அவர்களின் ஆற்றலைக் கூர்மையாக்கியது உண்மை. ஆனால் ஒருவரையொருவர் வெறுத்தா அவர்கள் அவ்வெற்றியை ஈட்டினர்?

வீரருக்கு இயன்றது இரசிகருக்கும் இயலுமா? 2024 ஆகஸ்ட் மாதத்தில், இளம் பெண் மருத்துவர் ஒருவர் தாம் பணிபுரிந்த மருத்துவமனையிலேயே வன்புணர்வுக்குள்ளாகிக் கொல்லப்பட்ட கொடுமையால் அந்நகரம் கொதித்தது. 18ஆந் திகதி நடைபெறவிருந்த இரு கழகங்களின் டுராண்ட் கிண்ண ஆட்டம், பாதுகாப்பைக் காரணங்காட்டி இரத்துச் செய்யப்பட்டது. ஆயினும் இரு கழகத்து இரசிகர்களும் மைதானத்தின் முன் திரண்டனர். எதிரெதிர் வண்ணங்களை அணிந்தவாறே ஒன்றாக நின்று நீதி கோரினர். பொலீசாரின் தடியடியையும் ஒன்றாகவே தாங்கினர். எவரும் தமது கழகத்தைக் கைவிடவில்லை. ஹில்சா ஹில்சாவாகவும் இறால் இறாலாகவுமே இருந்தன. எதிரி யார் என்பது மட்டுமே அன்று தெளிவாயிற்று.

போட்டி ஒழியவேண்டுமென நாம் கோரவில்லை. போட்டியற்ற மைதானம் உயிரற்றது. நாம் கோருவது இவ்வளவே: எதிரணியையும் எதிரியையும் வேறுபடுத்தி அறியும் விவேகம் நமக்கு வேண்டும். எதிரணியுடன் நாளையும் நாம் ஆடவேண்டும். எதிரியை அவனுடன் சேர்ந்தே வெல்லவேண்டும்.