யூசுஃப் நபியின் களஞ்சியமும் நம்மூர் நெல் கொள்முதலும்





எகிப்து மன்னர் கண்ட கனவுக்கு விளக்கம் சொன்னதோடு யூசுஃப் (அலை) அவர்கள் நிறுத்தவில்லை. ஏழு வருடம் பயிர் செய்து, உண்பதற்கு வேண்டியது போக மீதியைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்னார்கள் (12:47). தானியம் கெடாமல் காக்கும் பக்குவம் அது. களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோதும் குடும்பப் பெருமை பேசவில்லை. பாதுகாக்கத் தெரியும், விஷயம் தெரியும் என்ற இரண்டைத்தான் சொன்னார்கள் (12:55). தொழுகையாளி என்பதற்காக மட்டும் ஒருவரிடம் கிடங்குச் சாவியைக் கொடுத்துவிட முடியாது.

2025 அக்டோபரில் என்ன நடந்தது? குறுவை அறுத்த நேரம் மழை. கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவைத்த நெல் முளைவிட்டதை டெல்டா முழுக்கப் பார்த்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். தளர்வு வேண்டுமென்றால் மாநில அரசு கேட்க வேண்டும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும், அப்புறம்தான் உத்தரவு. 2022இல் இப்படித்தான் 19 சதவீதம் வரை அனுமதித்தார்கள். உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்குமா?

ஐப்பசியில் மழை பெய்யும் என்பதற்குக் கனவு காண வேண்டியதில்லை, சகோதரர்களே! சாக்கு, தார்ப்பாய், லாரி, கிடங்கில் இடம் எல்லாவற்றையும் ஆவணியிலேயே கணக்குப் பார்ப்பதுதான் யூசுஃப் (அலை) காட்டிய வழி. அந்த நெல்தான் அரிசியாகி ரேஷன் கடைக்குப் போகிறது. 2020 கொரோனா ஊரடங்கில் வேலையில்லாத எத்தனை வீடுகளில் அந்த அரிசியால் அடுப்பெரிந்தது!

கொள்முதல் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தார். தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக புகாரீ, முஸ்லிமில் வருகிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறவர் அந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

விவசாயிகளுக்கும் உண்டு. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்களின் விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அதை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கண்டித்தார்கள். மழை அவர் குற்றமல்ல, மறைத்ததுதான் குற்றம். ஈர நெல்லை அடியில் போட்டுக் காய்ந்ததை மேலே பரப்பாதீர்கள்.

யா அல்லாஹ்! களத்தில் கிடக்கும் நெல்லை மழைக்கு முன் கிடங்கு சேர்த்து வைப்பாயாக! எடை போடும் கைகளில் அமானிதத்தையும் அறிவையும் தருவாயாக! ஆமீன்.