மேடை ஜானகியும் வீட்டு மகளும்

மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி அப்பாவின் கையை விட்டுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாடவீதி முனையில் நிற்கும் போலீஸ்காரரிடம் போய், "எங்கப்பா தொலைஞ்சுபோயிட்டார், கண்டுபிடிச்சுக் குடுங்க" என்கிறாள். அந்த ஒரு வாக்கியம் போதும், முப்பது வருடம் அந்த வீட்டில் ஓடும். சாப்பிடும்போது அப்பா ஆரம்பிப்பார், அக்கா முடிப்பாள், தொலைந்தவளே போலீஸ்காரர் குரலில் பேசிக் காட்டுவாள். இதில் தர்ம நியாயம் பேச என்ன இருக்கிறது?

அதே கதையை தி.நகர் கல்யாண மண்டபம் ஒன்றில், ரிசப்ஷன் மேடையில் மைக்கைப் பிடித்துச் சம்பந்தி வீட்டார் முன்னால் அப்பா சொல்கிறார். "அன்னிக்கே இவ இப்படித்தான், ஜாக்கிரதையா பாத்துக்கோங்க மாப்பிள்ளை" என்று ஒரு வால் வேறு. ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் வீட்டில் அவளுடைய சாமர்த்தியத்துக்குச் சாட்சியாக இருந்த கதை, இங்கே அசட்டுத்தனத்துக்குச் சாட்சியாகிவிட்டது. நாளைக்குப் புகுந்த வீட்டில் ஒரு சாவி காணாமல் போனால் முதலில் வெளியே வருவது இதுதான். தொலைந்தது மகனாக இருந்தால், "அந்த வயசுலயே தனியா சுத்திட்டு வந்துட்டான்" என்று சாகசமாக்கியிருப்பார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. அப்பாக்களின் கையிருப்பு பெரும்பாலும் இரண்டாவது. மகளுக்கு முப்பத்தைந்து வயதானபின், கேட்கிற ஆளைப் பொறுத்து, அதே சரக்கு முதலாவதாகிவிடும். விளையாட்டுக்கு இகழ்ந்தாலும் வலிக்கும் என்பதை வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார்.

சென்னை சபா நாடகங்களும் வீட்டு அசட்டுத்தனத்தை முதலாக வைத்தே வளர்ந்தவை. 1976-இல் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதியது முதல் 2019-இல் மறையும்வரை கிரேஸி மோகன் அதைத்தான் செய்தார். ஆனால் அவருடைய கதாநாயகிகளுக்குப் பெரும்பாலும் ஜானகி என்றே பெயர். பள்ளியில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் நினைவாக வைத்தது. வாணி மகால் மேடையில் அந்த ஜானகி எவ்வளவு கேலி வாங்கினாலும் திரை விழுந்ததும் கணக்குத் தீர்ந்தது. மண்டபத்து மேடையில் நிற்கிறவளுக்குத் திரை கிடையாது.

அப்பாக்கள் தரப்பிலும் நியாயம் உண்டு, கொஞ்சமல்ல. பாசத்தை நேராகச் சொல்லத் தெரியாத தலைமுறை அது. அடையாறில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற மனிதர், நியூஜெர்ஸி மகளிடம் போனில் "இன்னிக்கு சாம்பாரா, இல்ல போன வாரம் மாதிரி பரிசோதனையா?" என்று கேட்டால், அவர் விசாரிப்பது சாம்பாரை அல்ல. அந்தக் கேலியைப் பிடுங்கிக்கொண்டால் பேச மிஞ்சுவது மாத்திரை, மழை, கரண்ட் பில். (உடம்பு, நிறம், குழந்தையில்லாமை பற்றிய 'ஜோக்'குகள் இந்தச் சலுகையில் வராது. அதற்கு விவாதமே வேண்டாம்.)

"அவளே சிரிச்சாளே" என்பது மட்டும் சாட்சியாகாது. நாலு பேர் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சிரிக்கிற மகள்கள் நிறைய. பார்க்க வேண்டியது, அவளும் பதிலுக்கு அவர் கதையை அங்கேயே எடுத்துவிட முடியுமா என்பது. ஸ்கூட்டரைப் பாண்டி பஜாரில் நிறுத்திவிட்டு, மறந்துபோய் பஸ்ஸில் வீடு திரும்பிய அப்பாவைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் அவள் சொல்லலாம். மண்டபத்தில் சொன்னால் வாயாடிப் பெண் என்று பெயர் வரும். அவளுக்குப் பதில் சொல்ல வழியில்லாத இடத்தில் கதையை எடுக்குமுன் அவளைக் கேட்பது அப்பாவின் கடமை. "போதும்ப்பா அந்தக் கதை" என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

வயது ஏற ஏற ஆட்டம் கைமாறும். அப்பாவின் காது மெஷினும் காபியில் இரண்டு தடவை விழும் சர்க்கரையும் மகள்களுக்குச் சரக்காகும். சூடாகப் பதில் கொடுக்கிறவரை அவருக்கும் அது பிடித்த விளையாட்டு. மறதி நோயாகத் தொடங்கியபின் தொடரலாமா? விட்டுவிடுவதே சரி என்று சட்டென்று தோன்றும். ஆனால் கேலி செய்துகொண்டிருந்த பெண்கள் திடீரென்று தன்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தால், தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயம் அதிலிருந்தே அவருக்கு வரலாம்.