சிறு துன்பத்தின் உரிமை

என் தமக்கைக்குப் புற்றுநோய் கண்டு இடது மார்பை அறுத்தெடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நோய் திரும்பவில்லை. அது பெரிய சேதி. சிறிய சேதியும் ஒன்று உண்டு. தழும்பைச் சுற்றி அவளுக்கு ஓயாமல் அரிக்கிறது. நான் எழுத வந்தது இந்தச் சிறிய சேதியைப் பற்றித்தான்.

ஓராண்டு வரை அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மாலை, பேசிக்கொண்டிருந்தவள் புடைவைத் தலைப்புக்குள் கையை விட்டு மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முகம் சுருங்கியது. “என்ன அக்கா?” என்று பதறினேன். “ஒண்ணுமில்லை, அரிக்குது” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உயிர் தங்கினதே பெரிசு, அரிப்பு என்ன செய்துவிடும்?” என்றேன். அதோடு விட்டேனா? எழுதுகிறவனுக்கே உரிய அசட்டுத்தனத்தோடு ஒரு கதையும் சொன்னேன். ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு 1811ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி பாரிஸ் நகரில் இதே அறுவை நடந்தது. மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம். கொஞ்சம் மது கலந்த பானத்தைக் கொடுத்துவிட்டுக் கத்தியை எடுத்தார்கள். இருபது நிமிஷம். பின்னால் அந்த அம்மாள் அதை முழுவதும் தன் சகோதரிக்குக் கடிதமாக எழுதினாள். 1840 வரை உயிரோடும் இருந்தாள். “அதோடு பார்த்தால் நீ எவ்வளவு பாக்கியசாலி!” என்று முடித்தேன்.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “அந்த அம்மாளுக்கு அப்புறம் அரிச்சுதாமா?” என்று கேட்டாள்.

எனக்கு வாயடைத்துவிட்டது. என் கதை கத்தியோடு முடிந்துவிட்டது. அவளோ கத்திக்குப் பிந்திய நாட்களில் இருந்தாள்.

துன்பங்களைத் தராசில் வைத்து, பெரியதற்கு முன்னால் சிறியது வாய் திறக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்வது நமக்கெல்லாம் பழக்கம். இந்தத் தீர்ப்பைச் சொல்பவர் பெரும்பாலும் அரிப்பு இல்லாதவராகவே இருக்கிறார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? போன துன்பம் போயிற்று. அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இரவு இரண்டு மணிக்கு வரும் அரிப்பில் ஓர் அணுவைக்கூட அது குறைப்பதில்லை.

பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ என்ற உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு வேடிக்கையான கேள்வி போடுகிறார். ஒருவனுக்கு அரிப்பு, வேண்டுமட்டும் சொறிந்துகொள்ள வசதியும் இருக்கிறது, சொறிந்துகொண்டே வாழ்நாளைக் கழிக்கிறான். அவனை இன்பமாக வாழ்பவன் என்று சொல்லலாமா? எதிராளி திணறுகிறான். ஆனால் அந்தக் கற்பனை மனிதனுக்குச் சொறிகிற சுகமாவது மிச்சம். என் தமக்கைக்கு அதுவும் இல்லை. இந்த அறுவையில் மார்பிலும் அக்குளிலும் ஓடும் தோல் நரம்புகள் அறுபடுகின்றன. மேல்தோல் மரத்துப்போகிறது, அறுபட்ட நரம்போ உள்ளிருந்து அரிப்பை அனுப்புகிறது. நகம் பட்டால் தெரிவதில்லை. இரத்தம் வந்த பிறகுதான் தெரிகிறது. சில பெண்களுக்கு, எடுத்துவிட்ட மார்பிலேயே அரிக்கிறதாம். இல்லாத இடத்தை எங்கே போய்ச் சொறிவது?

அரிப்பை வலியின் சின்னத் தங்கையாகத்தான் வெகுகாலம் நினைத்தார்கள். மனிதத் தோலில் அரிப்புக்கென்றே தனி நரம்பிழைகள் உண்டு என்று 1997ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் மரியாதை வந்தபாடில்லை. வலிக்கிறது என்றால் நாற்காலி போடுகிறோம். அரிக்கிறது என்றால் சிரிக்கிறோம். வீரனின் தோளில் எடுத்தால் தினவு என்று கொண்டாடும் தமிழ், ஒரு பெண்ணின் மார்புத் தழும்பில் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்கிறது. நாலு பேர் நடுவில் அவள் கை வைக்கக்கூடிய இடமா அது? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆற வேண்டும்.

பிறகு அவளை நானே டாக்டரிடம் அழைத்துப் போனேன். “ஏனம்மா இத்தனை நாள் சொல்லவில்லை?” என்று அவர் கடிந்துகொண்டார். கதிர்வீச்சினால் தோல் வறண்டிருந்தது. வெந்நீர் வேண்டாம், வாசனைச் சோப்பு வேண்டாம், குளித்த ஈரத்தோடு மணமில்லாத களிம்பு தடவ வேண்டும், பருத்தித் துணி, அரிக்கும்போது சொறியாமல் குளிர்ந்த ஈரத்துணியால் அழுத்துதல் என்று வழி சொன்னார். அதற்கும் அடங்காவிட்டால் நரம்புக்கான மாத்திரை இருக்கிறதாம். இன்னொன்றும் சொன்னார். தழும்பருகே புதிதாகச் சிவப்போ தடிப்போ கட்டியோ தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் வந்து காட்ட வேண்டும். சில சமயம் நோய் அப்படியும் திரும்பும்.

எனக்கு உடம்பு சில்லிட்டது. பொறுமை என்று நான் மெச்சிய மௌனத்துக்குள் இப்படி ஓர் அபாயமும் ஒளிந்திருந்ததல்லவா? அவளுக்கு நன்றியுணர்ச்சி குறைவில்லை. பிழைத்ததற்கு வட்டியாக நாங்கள்தான் அவளிடம் முறையிடாமையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டில் எல்லோருமே கேட்டோம், அன்பாகவே கேட்டோம்.

அரிப்பு இப்போது குறைந்திருக்கிறது, தீரவில்லை. போன வாரம் காலையில் போன் செய்தாள். “ராத்திரி மூணு மணிக்குப் பிடுங்கி எடுத்துட்டுது” என்றாள். “எந்த இடத்தில் அக்கா?” என்று கேட்டேன். சொல்லத் தொடங்கினாள். வெகுநேரம் சொன்னாள்.