மீண்டும் செல்வது யாருக்காக?

கம்போடியாவின் குழந்தைப் பள்ளிகளில் சில வாரங்கள் ஊதியமின்றித் தொண்டாற்றித் திரும்பும் வெளிநாட்டினருள் சிலர் மறு ஆண்டும் அங்கே செல்ல விழைகின்றனர். விழைவு நல்லதே. ஆயினும், அது குழந்தையின் தேவையா, நம் மனத்தின் தாகமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாவா?

மூன்று வயதுக் குழந்தைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. சென்ற ஆண்டு நம் மடியில் உறங்கிய குழந்தை, இன்று நம் முகத்தை அறியாமல் ஆசிரியையின் பின்னே ஒளிந்துகொள்ளும். அது கண்டு நாம் மனம் நோவோமாயின், நாம் கொண்டு சென்றது அன்பன்று, கடன் பத்திரம்!

சிறு குழந்தைக்கு இடையறாத அன்புறவு இன்றியமையாதது என்று ஜான் பௌல்பி, உலக சுகாதார நிறுவனத்திற்கு 1951ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில் வற்புறுத்தினார். அது வீடிழந்த பிள்ளைகளைக் கருதி எழுதப்பட்டது. மாலையில் தாயிடம் திரும்பும் பிள்ளைக்கு இடர் அத்துணைப் பெரிதன்று எனலாம்.

விமானக் கட்டணத்தைப் பள்ளிக்கே அனுப்பலாமே என்பார்க்கு விடை கூறுதல் எளிதன்று.

கெமர் மொழியில் பேசி ஆண்டு முழுதும் உடனிருப்பவர் ஆசிரியையே. மீண்டும் செல்வோர் அவருடைய இடத்தைப் பற்றாது, பாய் விரித்தும் பாத்திரம் கழுவியும் அவர் சுமையைக் குறைக்கட்டும். புறப்படும் நாளையும் பிள்ளைகளிடம் முன்னரே சொல்லிவிடுக. அவர்கள் உறங்கும்போது நழுவிப் போதல் தகாது.