தாடைநோயும் பழவினையும்

நோய் பழவினையின் பயனென்றால் வைத்தியம் அவ்வினைக்கு விரோதமன்றோ என்னும் வினாவுக்கு, சீர்காழியில் அவதரித்த திருஞானசம்பந்தரே, கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, விதியென்று வாளாவிராமல் திருநீலகண்டப் பதிகம் பாடி விடையிறுத்தார். காதுக்கு முன்னே, வாய் திறக்குந்தோறும் 'டக்'கென்று ஒலித்து, ஒரு கவளம் சோற்றையும் வேதனையாக்கும் தாடைமூட்டு நோயிலோ, உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, மனக்கவலை, அடிபடுதல், மூட்டுவாதம், மூட்டினுள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு நழுவுதல் எனப் பல காரணங்கள் பின்னிக்கிடப்பதால், பூர்வஜன்மத்தைத் துருவுவது வீண் சிரமம் என்பதே என் அபிப்பிராயம். குழைந்த சோறும், வெந்நீர் ஒத்தடமும், தாடைப் பயிற்சியும் பெரும்பாலோர்க்குப் போதும், சிலர்க்கு இரவில் பல்லுறை வேண்டும், சத்திரசிகிச்சை அபூர்வம். அச்சீர்காழிக்கு அருகிலுள்ள வைத்தீசுவரன் கோயிலில் இறைவனே வைத்தியநாதன் என வழங்கப்பெறுகையில், அங்குப் பிரசாதமான திருச்சாந்துருண்டையைப் பெற்றுக்கொண்டு பல் வைத்தியரிடமும் செல்பவனிடத்தில் யாதொரு முரண்பாட்டையும் நான் காணவில்லை.