ஒன்றேகால் ரூபாயிலிருந்து பத்து ரூபாய் வரை

மதுரையில் மலிவு விலைச் சாப்பாட்டுக் கடை நடத்திய ராமு தாத்தா இறந்தது 2020 ஜூலையில். கொரோனாவால் மதுரை முழு ஊரடங்கில் அடைந்து கிடந்த நாட்கள். இங்கே திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் பலர் ஊர் போய்விட, ஓவர்லாக் மெஷின்கள் ஆளில்லாமல் நின்றன. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைக்கிறவர்களுக்கு அவர் சாவு ஊர்ச் சாவு. மதுரை அண்ணா பேருந்து நிலையத்துப் பக்கம் போனவர்களில் அவர் கடையை அறியாதவர்கள் குறைவு. அரசு மருத்துவமனையும் ஆட்சியர் அலுவலகமும் அருகிலேயே. நோயாளியோடு வந்தவரும் மனுவோடு வந்தவரும் பசித்தால் போக ஓர் இடம்.

*

1967இல் அவர் கடை தொடங்கியபோது சாப்பாடு ஒன்றேகால் ரூபாய். கடைசியில் பத்து ரூபாய். நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல். சாதம், சாம்பார், ரசம், மோர். கையில் காசில்லாதவரும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

*

வள்ளலார் நெறியில் அவருக்குப் பற்று. வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே சோற்றுக்குக் காசு கிடையாது. அந்த வழியில் நின்றவர் ஏன் பத்து ரூபாய் வாங்கினார்? வாங்கிய காசு நாளைக்குக் கடை திறக்க உதவும், அது ஒன்று. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பத்து ரூபாயை நீட்டியவன் தலைகுனிய வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பார் என்று உரிமையோடு கேட்கலாம். ரசத்தில் உப்பு குறைவு என்று குறை சொல்லலாம். குறை சொல்லும் உரிமையையும் சேர்த்துப் பரிமாறியிருக்கிறார் அந்த மனிதர். தர்மம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மரியாதை என்றே சொல்வேன்.

*

விலை ஏறாமல் நின்றால் யாரோ ஒருவர் அதைத் தாங்குகிறார். இது திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலைவாசிக்கு ஏற்பக் கூலியும் ஏற வேண்டும் என்று பஞ்சப்படி கேட்டு 1984இல் இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பீஸ் ரேட்டில் சில பைசா கூட்டுவதற்கு இன்றும் பேச்சுவார்த்தை சுற்றுச் சுற்றாக நடக்கிறது. எங்கோ ஒரு கடையில் பனியன் மலிவாக விற்க வேண்டுமென்றால், அந்த மலிவு இங்கே பவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பவரின் முதுகிலிருந்து வருகிறது.

ராமு தாத்தா கடையிலும் மலிவுதான். ஆனால் அந்தப் பாரத்தை அவர் பிறர் தலையில் ஏற்றவில்லை. தொண்ணூறை நெருங்கிய வயதிலும் அடுப்படியில் தானே நின்றார். மனைவி இருந்தவரை அவரும் கூட நின்றார். அந்த அம்மாளின் உழைப்பு பத்து ரூபாய்க்குள் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். பாராட்டுகளில் அது போதிய அளவு பேசப்படவில்லை.

*

கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியை 2019இல் நாடே அறிந்துகொண்டது. ஈரோட்டில் அரசு மருத்துவமனை நோயாளிகளுக்கு ஒரு ரூபாய்ச் சாப்பாடு கொடுத்த மெஸ் உண்டு. எங்கள் கொங்குச் சீமைக்கு இது புதிதல்ல. ஆனால் செய்தியில் வராதவர்களை நினைக்கத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

*

திருப்பூர் மெஸ்களில் நோட்டுக் கணக்கு என்று ஒன்று. வாரம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு சனிக்கிழமை சம்பளம் வாங்கித் தீர்ப்பது. ஆர்டர் இல்லாத வாரங்களில் அந்த நோட்டில் பக்கம் புரளுமே தவிர கணக்கு அடைபடாது. அப்போதும் சாப்பாடு போட்டவர்கள் உண்டு. பணம் தராமலே ஊர் போனவனைப் பற்றிக் கேட்டால், "அவனுக்கு என்ன கஷ்டமோங்க" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதுக்கு மேல் வருகிறவனுக்காக, மூடப்போகிற நேரத்தில் ஒரு தோசைக்கு மாவை ஒதுக்கி வைப்பவர் முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. கூலிக்குத் தோசைக்கல் முன் நிற்கும் மாஸ்டர், இலை எடுக்கும் அக்கா. அவர்களும் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருப்பவர்கள்தான். ராமு தாத்தாவுக்கு விலையைப் பிடித்து வைக்கச் சொந்தமாக ஒரு கடையாவது இருந்தது. இவர்களிடம் கொடுப்பதற்கு இருப்பது அந்தக் கூடுதல் கால் மணி நேரம். அதைத்தான் கொடுக்கிறார்கள்.