புண்ணைக் கழுவிய கைகள்

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான சகோதர சகோதரிகளே,

 

நம் சபைகளில் வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிறோம். தலையில் கை வைக்கிறோம், எண்ணெய் பூசுகிறோம். யாக்கோபு 5:14 அப்படித்தான் போதிக்கிறது. நம் தேவன் இன்றைக்கும் சுகமாக்குகிற தேவன், அல்லேலூயா! ஆனால் ஒன்று கேட்கிறேன். 'ஆமென்' சொல்லிட்டு நாம வீட்டுக்குப் போன பிறகு, அந்த வியாதியஸ்தரின் படுக்கையை மாத்துறது யாரு? புண்ணுக்குக் கட்டுப் போடுறது யாரு? ராத்திரி மூணு மணிக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்கிறது யாரு?

அந்த வேலையைச் செய்கிற நர்ஸ் சகோதரிகள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டூட்டி விழுந்து ஆராதனைக்கு வர முடியாமல் போனால், "சம்பளத்துக்காகக் கர்த்தரை விட்டுட்டா பாருங்க" என்று பேசுகிற நாவுகளும் இருக்கின்றன. நைட் டூட்டி முடித்து, கண் சிவந்து, நேரே சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிற பிள்ளையை, "பிரசங்கத்தில் தூங்குறா" என்கிறார்கள். தேவபிள்ளைகளே, அவள் செய்கிற வேலை எங்கே இருந்து வந்தது என்று நமக்குத் தெரிந்தால் அப்படிப் பேச மாட்டோம். ஆகவே சபையின் சரித்திரத்திலிருந்து சில காரியங்களைச் சொல்லும்படி ஆவியானவர் என்னைப் பாரப்படுத்தினார்.

ஓடாமல் நின்றவர்கள்

ஆதி ரோம சாம்ராஜ்யத்தில் வைத்தியர்கள் இருந்தார்கள். போர்ச்சேவகருக்குப் பாளையத்தில் வைத்தியசாலை இருந்தது. ஐசுவரியவானை அவன் வீட்டு அடிமைகள் கவனித்தார்கள். ஆனால் நாதியற்ற ஓர் ஏழை தெருவில் விழுந்தால்?

3-ம் நூற்றாண்டின் நடுவில் ஒரு கொடிய கொள்ளைநோய் சாம்ராஜ்யத்தையே அலைக்கழித்தது. அலெக்சந்திரியா பட்டணத்துச் சபையின் கண்காணி தியோனீசியு அதைப்பற்றி எழுதின நிருபம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜனங்கள் சொந்த வீட்டாரையே, உயிர் இருக்கும்போதே தெருவில் போட்டுவிட்டு ஓடினார்களாம். விசுவாசிகளோ ஓடவில்லை. மூப்பரும், உதவிக்காரரும், சாதாரண விசுவாசிகளும் நோயாளிகள் அருகில் இருந்து பணிவிடை செய்தார்கள். அநேகர் அதே நோய் தொற்றி மரித்தும் போனார்கள்.

விசுவாசம் இருந்தால் வியாதி நம்மைத் தொடாது என்று சிலர் சொல்றாங்க. இவர்களைத் தொட்டதே! விசுவாசம் குறைந்ததினாலா? இல்லை, அன்பு பெருகினதினால்.

சத்துருவின் சாட்சியையும் கேளுங்கள். கிறிஸ்தவ மார்க்கத்தை வெறுத்து, பழைய தெய்வங்களின் வணக்கத்தைத் திரும்பவும் நிலைநிறுத்தப் பார்த்தவன் யூலியன் ராயன். 361 முதல் 363 வரை ஆண்டவன். அவன் தன் பூசாரி ஒருவனுக்கு எழுதும்போது, இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம்முடைய ஏழைகளையும் போஷிக்கிறார்கள், இது நமக்கு வெட்கம் என்று முறையிட்டான். பகைக்கிறவன் வாயே சாட்சி சொன்னது!

பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடினவர்களில் கப்பத்தோக்கியா நாட்டாரும் இருந்தார்கள் (அப். 2:9). அந்தக் கப்பத்தோக்கியாவின் செசரியா பட்டணத்தில், பசிலியு என்ற கண்காணி 370-ம் ஆண்டையொட்டிய காலத்தில் ஏழைகளுக்கும் பரதேசிகளுக்கும் வியாதியஸ்தருக்கும் ஒரு பெரிய இல்லம் கட்டினார். வைத்தியரையும் பணிவிடைக்காரரையும் அங்கே வைத்தார். எல்லாரும் விரட்டின குஷ்டரோகிகளையும் சேர்த்துக்கொண்டார்.

பபியோலாள் என்ற சகோதரி

ரோமாபுரியில் பபியோலாள் என்று ஒரு சீமாட்டி இருந்தாள். பெரிய குடும்பம், திரளான ஆஸ்தி. துர்நடத்தையுள்ள கணவனை விட்டுப் பிரிந்து, அவன் உயிரோடிருக்கும்போதே வேறொருவனை விவாகம் செய்தாள். இரண்டாம் கணவனும் மரித்தபின், இரட்டு உடுத்தி, தலைவிரி கோலமாய், சபையார் பார்க்கப் பகிரங்கமாக மனங்கசந்து அழுதாள்.

அதோடு நின்றுவிட்டாளா? ஆஸ்தியை விற்றாள். சுமார் 390-ல் ரோமாபுரியில் வியாதியஸ்தருக்கென்று ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினாள். வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அவளைப்பற்றி எழுதியிருக்கிறார். தெருவில் கிடந்தவர்களைத் தன் தோளிலேயே சுமந்து வந்தாளாம். மற்றவர்கள் பார்க்கவும் கூசின புண்களின் சீழைத் தன் கையாலேயே கழுவினாளாம். அவள் 399-ல் நித்திரையடைந்தபோது, ரோமாபுரியே அடக்க ஆராதனைக்குத் திரண்டது.

கவனியுங்க. பணம் கொடுத்து ஆள் வைத்திருக்கலாமே! அவள் பணத்தையும் கொடுத்தாள், கையையும் கொடுத்தாள்.

பெபேயாளின் ஊழியம் திரும்ப வந்தது

ரோமர் 16-ம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுல், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளைப் புகழ்கிறார். அநேகருக்கு ஆதரவாயிருந்தவள் அவள். 1836-ல் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் ஊரின் போதகர் பிளீட்னர், இந்தப் பெண் ஊழியத்தைத் திரும்ப எழுப்பினார். சபைப் பெண்களை வியாதியஸ்தருக்குப் பணிவிடை செய்யப் பழக்கினார். 1851-ல் அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கிக் கற்றவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1854-ல் கிரிமியப் போரில் காயப்பட்டவர்களைப் பார்க்க 38 பெண்களோடு போனார். 1860-ல் லண்டனில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நம் வேலூரிலும் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார்.

நாம ஆஸ்பத்திரியில் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுகிறோமே, அந்தப் பெயரும் கர்த்தருக்கென்று தங்களை ஒப்புக்கொடுத்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சகோதரிகளிடமிருந்து வந்ததுதான்.

பிரியமானவர்களே, நல்ல சமாரியன் காயம்பட்டவனைத் தூரத்தில் நின்று ஆசீர்வதித்துவிட்டுப் போகவில்லை. காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் வைத்துப் பராமரித்தான், கையிலிருந்து செலவும் செய்தான் (லூக்கா 10:34, 35). தலையில் கை வைப்பதும் ஊழியம். புண்ணைக் கழுவுவதும் ஊழியம். இரண்டையும் பிரிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஆகவே சபைக்கு என் அன்பான வேண்டுகோள். டூட்டிக்குப் போகிற நர்ஸ் சகோதரிகளை, ஊழியத்துக்கு அனுப்புகிறது போலக் கை வைத்து ஜெபித்து அனுப்புங்கள். சபையில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், ஜெபத்தோடு மட்டும் விடாமல், முறை வைத்து ஓர் இரவாவது அவர் கட்டிலருகே துணையிருங்கள். அப்போதுதான் அந்த சகோதரிகள் தினமும் படுகிற பாடு என்னவென்று நமக்கும் விளங்கும். கடைசி வரிசையில் கண் அயர்கிற பிள்ளையை எழுப்பாதீர்கள். நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா வியாதியாயிருந்த தம்மை விசாரிக்க வந்தவர்களைத் தம் வலதுபக்கத்தில் நிறுத்துவார் (மத்தேயு 25:33-36). அவள் அங்கே நிற்கும்போது, நாம எங்கே நிற்போம்?

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் நாவுகளை அடக்கும். எங்கள் கைகளை அபிஷேகியும். சீஷரின் கால்களைக் கழுவின உம்முடைய குமாரனின் சிந்தையை எங்களுக்குத் தாரும். இந்த இரவில் விழித்திருக்கிற ஒவ்வொரு சகோதரியையும் பெலப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்